சொல்லாமல் போய்ப் பாருங்கள்: வீட்டு க்ரெச்சுக்குத் திடீர் விசிட், ஒரு முழுமையான வழிகாட்டி

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் ஓர் ஆள் வருவார். போனும் கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. கதவைத் தட்டுவார், நேரே கூலர் இருக்கும் ஜன்னலுக்குப் போவார், டார்ச் அடித்துத் தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறதா என்று பார்ப்பார். நெளிந்தால் நோட்டீஸ். மாடியில், பகலில் மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மாமி வீட்டுக்கும் அப்படித்தான் போவார். அங்கே ஐந்து குழந்தைகள் இருக்கும். கூலரைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார், குழந்தைகளை எண்ண மாட்டார். அது அவர் வேலையும் இல்லை. யார் வேலை என்று நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் தன் வேலை என்று சொன்னதில்லை.

தில்லி மந்திர் மார்க்கில் இது சின்ன விஷயம் அல்ல. ரீடிங் ரோடு என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்லும் இந்தத் தெருவில் 1939இல் காந்தி திறந்துவைத்த பிர்லா மந்திர் இருக்கிறது, காளி பாரி இருக்கிறது, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. பள்ளி மதியமே விட்டுவிடும். செயலகத்தில் அம்மாவும் அப்பாவும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க ஐந்தரை ஆகும். இடைப்பட்ட நேரம் மாமிகளுடையது. பால்குடிக் குழந்தை என்றால் காலை எட்டரையிலிருந்தே. ஊரிலிருந்து மாற்றலாகி வந்து, தாத்தா பாட்டி இல்லாத இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் குடியேறுகிற தமிழ்த் தம்பதி முதல் வாரமே விசாரிப்பது ரேஷன் கார்டையும் மாமி வீட்டையும்தான்.

என் இரண்டு பிள்ளைகளும் இப்படி வளர்ந்தவர்கள். பெரியவள் இப்போது பத்தாம் வகுப்பு. கற்றுக்கொண்டதில் பாதி, தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது.

யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள்

சட்டத்தை ஒரு தடவை தெரிந்துகொள்ளுங்கள், அது போதும். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் க்ரெச் வசதி வேண்டும் என்று சேர்த்தார்கள். கூடவே இன்னொன்றும் வந்தது: தாய் நாளுக்கு நான்கு தடவை அந்த க்ரெச்சுக்குப் போய்வர அனுமதிக்க வேண்டும். அதாவது குழந்தை இருக்கும் இடத்துக்குத் தாய் போவதைச் சட்டமே உரிமையாக வைத்திருக்கிறது. மாமியிடம் பேசும்போது உங்களுக்கு இது கைகொடுக்கும்.

2018இல் மத்தியப் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் அந்த க்ரெச்சுகளுக்குக் குறைந்தபட்ச நெறிமுறை வெளியிட்டது. மூன்று வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும். மூன்றிலிருந்து ஆறு வரை இருபது பேருக்கு அதே ஏற்பாடு. தலைக்கு 10 முதல் 12 சதுர அடி இடம். அங்கன்வாடியோடு சேர்ந்த பால்னா க்ரெச்சுகள் வேறு இருக்கின்றன. மத்திய அரசு ஊழியர்களுக்காக கிருஹ கல்யாண் கேந்திரா நடத்துவதும் உண்டு. இடம் கிடைத்தால் முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் மேலே ஓர் அலுவலகம் இருக்கிறது, புகார் சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது.

மாமி வீடு இது எதிலும் அடங்காது. நாலு குழந்தையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் கதவைத் தட்டி, எத்தனை குழந்தை, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்க வழக்கமாக எந்த அதிகாரியும் வருவதில்லை.

வெளிநாட்டில் வருகிறார்கள். அமெரிக்காவில் 2014இல் வந்த சட்டப்படி, உரிமம் பெற்ற இடங்களை வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். நம் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் டொரண்டோவில், உரிமம் பெற்ற ஏஜென்ஸியின் கீழ் இருக்கும் வீடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஓர் ஆள் போகிறார். அங்கேயும் பாடம் சும்மா வரவில்லை. 2013 ஜூலையில் டொரண்டோவை ஒட்டிய வான் நகரில், உரிமம் இல்லாத ஒரு வீட்டில் விட்டிருந்த இரண்டு வயதுக் குழந்தை வெயிலில் நின்ற காருக்குள் இறந்துபோனது. ஐந்து குழந்தைகளுக்கு மேல் கூடாத இடத்தில் பல மடங்கு குழந்தைகள் இருந்தார்கள். அதற்கு முன்பே அமைச்சகத்துக்குப் புகார் போயிருந்தது, சில புகார்களுக்கு யாரும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் ஒன்டாரியோவின் ஆம்பட்ஸ்மன் ஆந்த்ரே மாரென் இதை விசாரித்து அறிக்கையே எழுதினார்.

நமக்கு அந்த ஆள் இல்லை. ஆகவே அந்த ஆள் நீங்கள்தான். எப்படி என்பது இனி.

முதல் படி: சேர்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்

திடீர் விசிட் என்பது திருட்டுத்தனம் அல்ல. இதைத்தான் நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

மகள் எட்டு மாதக் குழந்தை. சேர்த்து ஒன்பதாவது நாள், மூன்று மணிக்கு மாமி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"என்னடிம்மா, இந்த நேரத்துல?"

"ஆபீஸ்ல சீக்கிரம் விட்டுட்டாங்க மாமி."

மாமி என் முகத்தைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வீட்டுக்காரரும் செயலகத்தில் முப்பது வருஷம் இருந்தவர். மூன்று மணிக்கு எந்த ஆபீஸும் விடாது என்பது அவருக்குத் தெரியாதா? "பார்த்துட்டுப் போகணும்னு வந்தியாக்கும். நேரா சொல்லேன், நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்றார். அன்று முழுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. குழந்தை நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதனால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்: "மாமி, நடுநடுவுல நானோ அவரோ சொல்லாம வந்து பார்ப்போம். எப்பன்னு சொல்ல மாட்டோம்." அனுமதி ஒரு தடவை, நேரம் மட்டும் ரகசியம். இது மரியாதைக்காக மட்டும் இல்லை. அது அவர் வீடு. அவர் சம்மதம் இல்லாமல் உள்ளே நுழைய உங்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது, அத்துமீறல் என்று ஆகிவிடும். உங்களைச் சோதிக்க வரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சோதிக்கத்தான் வருகிறீர்கள், அது அவருக்கும் தெரியும்.

இந்தப் பேச்சுக்கு வரும் பதிலே முதல் சோதனை. "தாராளமா வா" என்பது நல்ல பதில். "வா, ஆனா ஒண்ணு மூணு மணிக்குள்ள பெல் அடிக்காதே, எல்லாம் முழிச்சுக்கும், கதவை லேசா தட்டு" என்பது அதைவிட நல்ல பதில், வேலை தெரிந்தவர் பேச்சு அது. "நம்பிக்கை இல்லாம எதுக்குக் கொழந்தையை விடறேள்?" என்று முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது.

ஒப்புக்கொண்டதை அரைப் பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நேரம், மாதச் சம்பளம், ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை குழந்தை, பகலில் வீட்டில் வேறு யார் யார் இருப்பார்கள், யார் வந்தால் குழந்தையைக் கொடுக்கலாம், உங்களைக் கேட்காமல் மருந்து கொடுக்கக் கூடாது, நீங்கள் சொல்லாமல் வருவீர்கள். இவ்வளவு போதும். ஸ்டாம்ப் பேப்பர் எல்லாம் வேண்டாம், மாமி பயந்துவிடுவார்.

ஆயாவோ வேலைக்காரப் பெண்ணோ இருந்தால் போலீஸ் வெரிஃபிகேஷன் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்களின் பணியாளர்களுக்கு, க்ரெச் உட்பட, இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. வீட்டு க்ரெச்சுக்கு அது பொருந்துமா என்று மாமியோடு வாதம் செய்யாதீர்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு தில்லி போலீஸே இந்த வசதியைச் செய்கிறது, மந்திர் மார்க் ஸ்டேஷனும் கூப்பிடு தூரம்தான். படிவத்தை வாங்கி நிரப்பிக் கொடுங்கள், மறுக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: எந்த நேரம்

எல்லோரும் செய்யும் தப்பு, சாயங்காலம் அரை மணி முன்னால் போவது. அந்த நேரத்தில் எல்லா வீடும் அழகாக இருக்கும். முகம் கழுவி, பவுடர் போட்டு, பிள்ளைகள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

உண்மை தெரியும் நேரம் இரண்டு. ஒன்று, பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை. மாமி அடுப்படியில் இருப்பார், குழந்தைகள் எங்கே, யார் கண் பார்வையில் என்பது அப்போது தெரியும். இன்னொன்று, ஒன்றரையிலிருந்து மூன்றரை. குழந்தைகள் தூங்கும் நேரம், மாமியும் கண்ணயரும் நேரம். இவை தவிர, ஏதாவது கோளாறான நாள்: மே மாதம் கரண்ட் போன மதியம், ஜனவரியில் பனிமூட்டம் விலகாத நாள், புகை அதிகமாகிப் பள்ளிகளை மூடிவிட்டதால் பெரிய பிள்ளைகளும் காலையிலேயே வந்து சேரும் நவம்பர் நாள். இந்தக் கடைசி நாள் முக்கியம். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அன்று ஒன்பது பேர் இருக்கலாம்.

முதல் மாதம் மூன்று தடவை போங்கள், பிறகு மாதம் ஒன்று. கணவரும் போகட்டும். ஆண் வந்தால் மாமி கொஞ்சம் தள்ளி நின்று பேசுவார், ஆனால் அப்பாவுக்கும் வீட்டின் உள்பக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த குழந்தை உங்களைப் பார்த்துவிட்டு, நீங்கள் மறுபடி விட்டுவிட்டுப் போனால் ஊரைக் கூட்டிவிடும், மாமியின் அன்றைய நாளே போய்விடும். அதனால் போனால் குழந்தையோடு திரும்புங்கள். சைல்டு கேர் லீவு 730 நாள் இருக்கிறதே என்று மத்திய அரசுப் பெண்கள் கேட்பார்கள். அதை ஒரு தடவைக்கு ஐந்து நாளுக்குக் குறைத்து எடுக்க முடியாது. இதற்கு அரை நாள் கேஷுவல் லீவு போதும்.

மூன்றாம் படி: வாசலில் ஒரு நிமிடம்

பெல்லில் கை வைப்பதற்கு முன் கீழே பாருங்கள். செருப்புகளை எண்ணுங்கள்.

சிரிக்காதீர்கள். என் மகனை முதலில் விட்டிருந்தது வேறொரு காலனியில், வேறொரு வீட்டில், பெயர் வேண்டாம். "நாலு பேருக்கு மேல எடுக்கறதே இல்லை" என்று சொன்னவர் வாசலில் ஒரு வியாழக்கிழமை பதினோரு ஜோடிச் சின்னச் செருப்பு இருந்தது. இரண்டு ஜோடி, அடியில் லைட் எரியும் வகை. உள்ளே போனால் ஏழு குழந்தை. மற்ற நாலு பேர் எங்கே என்றதற்கு, பக்கத்து வீட்டில் தங்கை பார்த்துக்கொள்கிறாள் என்றார். அந்தத் தங்கையை நான் அதுவரை பார்த்ததே இல்லை, என் மகன் அவர்களில் ஒருவன். கோபத்தைவிட, இத்தனை நாளாக அவன் எந்த வீட்டில் தூங்கினான் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்ததே, அதுதான் தாங்கவில்லை.

அடுத்தது காது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் இருக்கும். அழுகை கேட்டால் பதறாதீர்கள், யாராவது பதில் சொல்கிறார்களா என்று கேளுங்கள். பதினொரு மணிக்கு நிசப்தம் என்றால், ஒன்று டிவி ஓடுகிறது, இல்லை எல்லோரும் தூங்குகிறார்கள். இரண்டுக்கும் காரணம் கேட்க வேண்டும்.

தட்டிய பிறகு, கதவைத் திறப்பது யார்? குழந்தை திறந்தால் அங்கேயே ஒரு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். இங்கே அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ரிட்ஜ் காடு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, குரங்குகள் பால்கனிக்கு வரும். வலைக்கம்பி இல்லாத பால்கனியில், கையில் பிஸ்கட்டோடு நிற்கும் இரண்டு வயதுக் குழந்தையை யோசித்துப் பாருங்கள்.

நான்காம் படி: உள்ளே

வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கப் போகாதீர்கள். தரையில் சிந்திய பருப்பு சாதமும், சுவரில் கிரேயானும், துணி மலையும் குழந்தைகள் வளரும் வீட்டின் அடையாளம். பளபளவென்று இருக்கும் வரவேற்பறையைப் பார்த்தால்தான் எனக்கு, பிள்ளைகளை எங்கே அடைத்து வைக்கிறார்கள் என்று தோன்றும்.

முதலில் எண்ணிக்கை. எத்தனை குழந்தை, எத்தனை பெரியவர். அரசு நெறிமுறை சொல்லும் பத்துக்கு ஒன்று, உதவியாளர் கூட இருக்கும் க்ரெச்சுக்கானது. வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு என் கணக்கு வேறு: இரண்டு வயதுக்குக் கீழே மூன்று பேருக்கு மேல் கூடாது, மொத்தம் ஐந்து. தீப்பிடித்தால் ஒரே ஆள் ஒரே நடையில் எத்தனை குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்க முடியும் என்று யோசித்தால் இதுவே அதிகம்.

பிறகு தூக்கம். இதில் அவசரப்படாமல் நில்லுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை மல்லாந்து படுத்திருக்க வேண்டும், சுற்றிலும் தலையணை, கனத்த ரஜாய், மெத்தென்ற பொம்மை இருக்கக் கூடாது. தில்லிக் குளிரில் ரஜாயை முகம் வரை இழுத்துப் போர்த்துவது அன்பினால் செய்வதுதான், ஆனாலும் கூடாது. பால் பாட்டிலை வாயில் வைத்துத் தலையணையால் முட்டுக்கொடுத்திருந்தால் அன்றே பேசுங்கள். எல்லாக் குழந்தையும் ஒரே சமயம், அசையாமல், கூப்பிட்டால் புரளக்கூட இல்லாமல் தூங்கினால் மருந்து அலமாரியைப் பார்க்க வேண்டிய நேரம் அது. ஜலதோஷ சிரப் தூக்கம் வரவழைக்கும் என்பது எல்லாப் பாட்டிக்கும் தெரியும். அப்படிப்பட்ட சிரப்புகளில் அதிகம் விற்கும் ஒரு கலவையை, குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்ததை, நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடச் சொல்லி 2023 டிசம்பரில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகமே உத்தரவு போட்டது. பாட்டில் எங்கே, யாருடையது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மூன்றாவது, பருவத்துக்குத் தக்கவை. கோடையில் கூலர்: குழந்தை கை எட்டும் உயரத்தில் இருந்தால் தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டியில் இருக்கிறது என்று அர்த்தம். இன்வெர்ட்டர் பேட்டரி பெட்டிக்குள் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டர், அங்கீட்டி. மூடிய அறையில் கரி அங்கீட்டி வைத்துத் தூங்கி, கார்பன் மோனாக்சைடில் மூச்சடைத்து இறந்தவர்கள் செய்தி வராத குளிர்காலம் தில்லியில் இல்லை. அங்கீட்டி குழந்தை இருக்கும் அறையில் கூடவே கூடாது, இதில் பேரம் இல்லை. ராட் ஹீட்டர் என்றால் எட்டாத தூரத்தில், ஜன்னல் ஒரு விரல் அளவாவது திறந்து.

எல்லாப் பருவத்துக்கும் ஒன்று: குளியலறை வாளி. நம் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்காமல் இருக்க முடியாது, வாளி நிரம்பித்தான் இருக்கும். தத்தித் தத்தி நடக்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் அரை வாளி போதும். குளியலறைக் கதவு வெளியே தாழிட்டிருக்கிறதா என்று நான் ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். நாலாவது விசிட்டில் மாமியே, "தாழ் போட்டிருக்கேன், போய்ப் பாரு" என்றார்.

சாப்பாட்டில் மூன்றைக் கவனித்தால் போதும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பொரியுருண்டை மாதிரி தொண்டையில் சிக்குபவை சின்னவர்கள் கைக்கு வரக்கூடாது. நீங்கள் பீய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போன தாய்ப்பால் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், மேடையில் அல்ல.

டிவி விஷயத்தில் நான் கொஞ்சம் விட்டுக்கொடுப்பவள். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், பிறகு நாளுக்கு ஒரு மணிக்குள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். என் வீட்டிலேயே அது நடக்கவில்லை. ஆனால் காலையிலிருந்து ஓடும் டிவிக்கும் மாமி சமைக்கும் இருபது நிமிடம் ஓடும் டிவிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். டிவியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால் எத்தனை நேரம் என்று கேளுங்கள்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் மற்றவர்கள். கல்லூரிக்குப் போகும் பையன், ரிட்டயரான மாமா, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தூரத்து உறவு. யாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை, தெரிந்து வைத்திருக்கச் சொல்கிறேன். முதல் நாள் காகிதத்தில் இல்லாத முகம் தெரிந்தால், "இவர் யார் மாமி?" என்று அவர் எதிரிலேயே கேட்கலாம்.

ஐந்தாம் படி: குழந்தையைப் பாருங்கள்

மாமி பக்கத்தில் வரும்போது உங்கள் குழந்தை என்ன செய்கிறது? அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு உங்களை எட்டிப் பார்த்தால், உங்களுக்குக் கொஞ்சம் பொறாமை வரும், கவலை வேண்டாம். அவர் கை நீட்டும்போது உடம்பு சுருங்கினால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அது சரியில்லை. உங்கள் குழந்தையை மட்டும் பார்க்காதீர்கள். இன்னும் பேச வராத, மூலையில் உட்கார்ந்திருக்கும் வேறு யாரோ ஒருவருடைய குழந்தையின் டயப்பர் எப்படி இருக்கிறது என்பதுதான் நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் குழந்தையின் டயப்பர் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும்.

வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றும்போது உடம்பு முழுக்க ஒரு பார்வை. 2025 ஆகஸ்டில் நொய்டாவில் ஒரு டே கேரில் 15 மாதக் குழந்தையை அங்கிருந்த பணிப்பெண் அடித்தது வெளியே வந்தது அப்படித்தான். துணி மாற்றும்போது தொடையில் தடங்களைத் தாய் பார்த்தார், டாக்டரிடம் போனார்கள், அதன் பிறகே கேமரா பதிவைப் பார்த்தார்கள்.

பேசும் குழந்தையிடம் "மாமி அடிச்சாங்களா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றே சொல்லும், கேட்ட விதம் அப்படி. "இன்னிக்கு யார் அழுதா? அப்புறம் மாமி என்ன பண்ணினாங்க?" என்று கேளுங்கள். மற்றவர் கதையைச் சொல்வதுபோல் தன் கதையும் வந்துவிடும்.

ஆறாம் படி: எழுதி வையுங்கள்

தேதி, நேரம், எத்தனை குழந்தை, எத்தனை பெரியவர், குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது. போனில் ஐந்து வரி போதும். படம் எடுக்காதீர்கள், அங்கே மற்றவர் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துப் படித்தால், எண்ணிக்கை மெல்ல மெல்ல ஏறியிருப்பது தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடினால் கண்ணுக்குத் தெரியாது.

ஏழாம் படி: தப்பு தெரிந்தால்

தப்பில் தரம் உண்டு. டிவி, நேரம் தவறிய சாப்பாடு, மாற்றாத டயப்பர்: இவற்றைப் பிள்ளைகள் எதிரில் சொல்லாதீர்கள். அன்று இரவு போனில், ஒரே ஒரு விஷயமாகச் சொல்லுங்கள். அடுத்த விசிட்டில் அதை மட்டும் பாருங்கள்.

எண்ணிக்கை கூடுதல், கைக்கு எட்டும் கூலர், திறந்த பால்கனி: இவற்றுக்குத் தேதி வையுங்கள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள வலை போட்டுடலாமா மாமி? ஆளை நான் கூட்டிட்டு வரேன்." செலவில் பாதியைப் பெற்றோர்கள் சேர்ந்து கொடுப்பதில் தப்பில்லை. நாங்கள் அப்படித்தான் போட்டோம்.

அடி, தூக்க மருந்து, குழந்தைகளைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போவது: பேச்சே வேண்டாம். அங்கே சண்டையும் வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். உடம்பில் தடம் இருந்தால் குளிப்பாட்டுவதற்கு முன்பே டாக்டரிடம் போங்கள், ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரி பக்கத்தில்தான், பதிவு ஆகிவிடும். குழந்தைகள் உதவி எண் 1098க்கோ 112க்கோ போன் செய்யலாம், ஸ்டேஷனில் புகார் எழுதலாம். தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. பாலியல் தொந்தரவு என்று சந்தேகம் வந்தால், போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும், "நமக்கெதுக்கு வம்பு" என்று வேறு வீடு பார்த்துக்கொண்டு போகச் சட்டம் விடாது. மற்றப் பெற்றோர்களுக்கும் அன்றே சொல்லுங்கள். அந்தப் பதினோரு செருப்பு வீட்டைப் பற்றி நான் இரண்டு பேருக்கு மட்டும்தான் சொன்னேன். மீதி எட்டுப் பேரின் போன் நம்பர் என்னிடம் இல்லை. சேர்க்கும் முதல் வாரமே நம்பர்களை வாங்கி வைக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கேமரா இருக்கிறதே?

இருக்கட்டும். ஆனால் கேமரா ஒரு மூலையைத்தான் பார்க்கும், வாசனை தெரியாது, பக்கத்து வீட்டுத் தங்கையைக் காட்டாது. ஆபீஸில் ஃபைலுக்கு நடுவில் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் இரண்டு வேலையையும் ஒழுங்காகச் செய்வதில்லை. மாமியின் படுக்கையறையும் அந்தச் சின்ன வீட்டில் அதே அறைதான் என்பதையும் நினைக்க வேண்டும்.

எட்டாம் படி: நிறுத்தாதீர்கள், ஆனால் நாளை மாற்றுங்கள்

ஆறு மாதத்தில் நம்பிக்கை வந்துவிடும். விசிட் அங்கேதான் நின்றுபோகும். நிறுத்தக் கூடாது, மாமிக்கும் அதுதான் நல்லது. பக்கத்து வீட்டில் யாரோ ஏதோ வம்பு பேசினபோது, "இந்தப் பொண்ணு மாசாமாசம் வந்து பார்த்துட்டுத்தான் போறா, அவளைக் கேளுங்கோ" என்று மாமி என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

போகும்போது பத்து நிமிடம் அதிகமாக இருங்கள். ஐந்து குழந்தைகளோடு காலை முதல் இருப்பவர், பெரியவர் ஒருவரோடு முழு வாக்கியம் பேசி எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும்? குழந்தையை நீங்கள் வைத்துக்கொண்டால் அவர் ஒரு காபி குடிப்பார். அந்தக் காபியின்போதுதான் சொல்வார், நேற்று யாருக்குக் காய்ச்சல் அடித்தது, எந்தக் குழந்தையைக் கூட்டிப்போக அப்பா தினமும் எட்டு மணிக்கு வருகிறார், முட்டி வலி எவ்வளவு என்று. மாமிக்கு உடம்பு முடியாத நாளில் மாற்று ஆள் யார் என்ற கேள்வியை அப்போது கேட்டால் நேரான பதில் வரும்.

இரண்டாவது வருஷம் ஒரு புதன்கிழமை, பதினோரு மணிக்கு ஆபீஸுக்குப் போன் வந்தது.

"இன்னிக்கு நீ வர்ற நாள்னு நினைக்கறேன். வர்றப்போ கோல் மார்க்கெட்ல ரெண்டு கொத்து கறிவேப்பிலை வாங்கிண்டு வந்துடு."

காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். நாலு மாதமாக எல்லா விசிட்டும் மூன்றாவது புதன். எனக்கே தெரியவில்லை, மாமிக்குத் தெரிந்திருக்கிறது. அன்று கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் போனேன். அடுத்தது ஒரு திங்கள்கிழமை, பன்னிரண்டு மணிக்கு.